மூடிக்கு அடியில் மூன்று துளை

நீ கேட்டிருந்த பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் இந்தக் கடிதத்தோடு வருகிறது. உன் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவதற்கு நீ என்றைக்குப் பிறந்தாய் என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டுமாம். நீ பிறந்த அன்று வாசலில் நின்றிருந்தவன் நான். ஆனால் என் வார்த்தை செல்லாது, ரப்பர் முத்திரை வைத்த காகிதம்தான் செல்லும் என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆபீஸ்களில் நான் சொன்ன வார்த்தை எந்த லட்சணத்தில் இருந்தது என்று எனக்கே தெரியும். நகலில் உன் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றன. 'தகப்பனார் தொழில்' என்ற கட்டத்தில் மட்டும் பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிய சொல் இல்லை, வேறொரு சொல் இருக்கிறது. உன் மேலதிகாரி அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். அதிகாரிகள் தேதியோடு நிறுத்திக்கொள்வார்கள். நீ நிறுத்தமாட்டாய். அதனால்தான் ஒரு பக்க நகலுக்கு இவ்வளவு கனமான உறை.

வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிய மறு வருஷம் உன்னை ஐந்தாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை நான் அல்சூர் பக்கத்துப் பட்டறை ஒன்றில் குதிரைப் படைக்குச் சேணமும் வாரும் கையால் தைத்தவன். பட்டாளம் போன பிறகு அதே பட்டறையில் அதே ஊசியால் தபால் பையும் போலீஸ் பெல்ட்டும் தைத்தேன். நாடு மாறியது, நூல் மாறவில்லை. பள்ளி ஆபீசில் நமக்கு முன்னால் ஒருவர் தன் பையனோடு நின்றிருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலை நிமிராமல், "தகப்பனார் தொழில்?" என்று கேட்டார். அவர் "குமாஸ்தா" என்றார். எழுத்தர் தலை நிமிர்ந்தார். "உட்காருங்க சார்" என்று பெஞ்சைக் காட்டினார். அடுத்தது நான். பெஞ்சில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அதுவரை எந்த ஆபீசிலும் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. நானும் "குமாஸ்தா" என்றேன், உட்கார்ந்தேன். சுமாரான பெஞ்சுதான், ஒரு கால் ஆடியது. அதற்குப் பதினைந்து வருஷம் வாடகை கொடுத்தேன்.

ஒரு பொய்யைச் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். ஜோகுபாளையத்தில் எல்லோருக்கும் என் வேலை தெரியும் என்பதால் ஜீவனஹள்ளிக்குக் குடிமாறினோம். பழைய கோட்டு ஒன்று வாங்கினேன். சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு காலையில் ஆபீசுக்குப் போவதைப் போலப் புறப்பட்டு, பட்டறையில் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, சாயங்காலம் கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வீடு திரும்புவேன். பிறகு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. தெருவில் ஒரு குமாஸ்தா இருக்கிறார் என்று தெரிந்தால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ரேஷன் கார்டுக்கு மனு, குழாய் வராததற்கு மனு, வந்த குழாயில் தண்ணீர் வராததற்கு மனு. மறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே வாசகசாலையில் போய் உட்கார்ந்து செய்தித்தாள், அகராதி, பழைய புத்தகம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். இன்று நான் நாலு வரி ஒழுங்காக எழுதுகிறேன் என்றால் அதற்குக் கல்வியின் மேல் கொண்ட ஆசை காரணம் என்று யாராவது என் இரங்கல் கூட்டத்தில் பேசக்கூடும். பிடிபடுவோமோ என்ற பயம்தான் காரணம். பயத்தைப் போன்ற வாத்தியார் கிடையாது.

பௌர்ணமிதோறும் பௌத்த சங்கக் கூடத்தில் பஞ்சசீலம் சொல்வோமே, நினைவிருக்கிறதா? உயிரைக் கொல்லேன், களவு செய்யேன் என்று வரிசையாகச் சொல்லி, பொய் சொல்லேன் என்ற நான்காவது சீலம் வரும்போது எனக்குச் சரியாக இருமல் வந்துவிடும். ஐந்தாவதுக்கு மறுபடியும் சேர்ந்துகொள்வேன். உன் அம்மா வீட்டில் வந்து, "அந்த இருமலுக்கு இஞ்சி கேக்காதுங்க" என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜோகுபாளையத்தில் நீ என்னை 'நைனா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நான் முடிவு செய்தேன். பழக்குவதற்காக, நீ 'நைனா' என்றால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாள் தெருமுனையில் உன்னை நாய் துரத்தியது. நீ "நைனா" என்று கத்தினாய். நான் திரும்பவில்லை. அடுத்து "அப்பா" என்று கத்தினாய். ஓடி வந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் இருந்திருக்கும். இந்தக் கடிதத்தில் என்னால் வேடிக்கையாக எழுத முடியாத இடம் இது ஒன்றுதான்.

பிறகு நீ படித்தாய், எஞ்சினீயர் ஆனாய். ஆனேக்கல்லில் ஏரி அளக்கப் போன இடத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பள்ளி ஆசிரியை விமலாவைப் பார்த்தாய். உன் ஆயுளில் முதல் முறையாக ஒன்றை வேண்டும் என்று எங்களிடம் கேட்டாய். விசாரித்ததில் நம்மவர்கள்தான், அவள் அப்பா ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தரகர் வந்து, "அவங்க பேனா புடிச்ச கைக்குத்தான் பொண்ணு குடுப்பாங்க. ஒங்களுக்கு கவல இல்ல, நீங்களும் ஆபீஸ்தானே" என்றார். நான் தலையை ஆட்டினேன். கிடங்கில் அரிசி, பூட்ஸ், கூடாரம் என்று எத்தனையோ இலாகா உண்டு. அவர் எதில் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. குமாஸ்தாவும் குமாஸ்தாவும் பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்ற பயம். ஆக, உன் கல்யாணம் என் பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தது, அந்தப் பெஞ்சின் ஆடுகிற கால் மேல் நான் உட்கார்ந்ததைப் போல.

நிச்சயத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ எழுதியிருந்தாய்: 'தட்டில் வைத்துக் கொடுக்க ஒரு சின்னத் தோல் பை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள் அப்பா. பஸ்ஸில் போய்வருகிறவள், உதவும்.' கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் பைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். தையல் வேண்டிய இடத்தில் பசை. இன்னொன்றில் தையல் இருந்தது, அங்குலத்துக்கு ஐந்து. குதிரைக்கு நாங்கள் எட்டுப் போட்டோம். என் மருமகளைக் குதிரைக்கும் கீழாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெறுங்கையோடு வெளியே வந்தேன். பையை நானே தைப்பது, கடையில் வாங்கியதாகச் சொல்லிவிடுவது என்று பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் முடிவாகிவிட்டது. நல்ல காரியம் ஒன்றைச் செய்யும்போதுகூடப் பொய் சொல்லாமல் செய்யத் தெரியாத அளவுக்கு நான் தேர்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோலையும் குத்தூசியையும் மரக் கிட்டியையும் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிட்டி என்பது தைக்கும் தோலை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும் இரண்டு மரப் பலகை. கோட்டுக்குள் அதை வைத்தால் மனிதன் கர்ப்பமாக இருப்பதைப் போலத் தெரியும். உன் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தினி வருசத்துல மொத தடவ வேலைய வூட்டுக்கு எடுத்தாந்துகீறீங்க. இப்பத்தான் நெசமா கிளார்க்கு ஆனீங்க."

பை தைப்பதில் பாதி வேலை தைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். உள்ளே என்ன போகப் போகிறது என்று தெரியாமல் பைக்கு வடிவம் போடுகிறவன், மணமகன் யார் என்று தெரியாமல் சட்டை தைக்கிறவன். நீ விசாரித்து அனுப்பிய பட்டியல் என்னிடம் இருந்தது: கண்ணாடிக் கூடு, இரண்டு பேனா, கைக்குட்டை, பஸ்ஸுக்குச் சில்லறை, சாவி, ஒரு சிறிய டப்பாவில் சாக்பீஸ். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் எழுதுவதற்குள் உடைந்துவிடுகிறது என்று சொந்தச் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போகும் பெண் என்று அதில்தான் தெரிந்தது. அப்போதே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. காகிதத்தில் வரைந்தேன். இத்தனை வருஷம் குதிரைக்கே தைத்த கை, குதிரைக்குத்தான் வரைந்தது; இரண்டு பக்கமும் தொங்கும் பெரிய வயிறு, அகலமான வார். உன் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இத தூக்கறதுக்கு ஒரு குதிரையும் சேத்து குடுப்பீங்களா?"

இரண்டாவது படம் வெற்றிலைப் பெட்டியைப் போல வந்தது. மூன்றாவது தடவை படத்தை விட்டுவிட்டு, செய்தித்தாளை வெட்டி மடித்துக் குண்டூசி குத்திப் பை மாதிரியே ஒன்று செய்தேன். ஒரு மந்திரியின் பேச்சு முன்பக்கத்துக்குச் சரியான அளவாக இருந்தது. உன் அம்மாவின் கண்ணாடி, என் பேனா, சாவிக் கொத்து எல்லாவற்றையும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடக்கச் சொன்னேன். பஸ்ஸில் ஏறுவதைப் போல ஏறச் சொன்னேன். "எந்த பஸ்ஸு? ஓசூர் பஸ்ஸா, அதுல ஏற முடியாதே" என்று சொல்லிக்கொண்டே கட்டில் மேல் ஏறி இறங்கினாள். மந்திரியின் பேச்சு கிழியவில்லை. முதல் தடவையாக அது எதையோ தாங்கியது.

இவ்வளவு செய்தும் ஒரு தப்புச் செய்தேன். காகிதத்துக்குத் தடிமன் கிடையாது, தோலுக்கு உண்டு. மடிகிற இடங்களில் தோல் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்கு விட்டுத்தான் வெட்ட வேண்டும். பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். அவசரத்தில் நான் மறந்தேன். மூடி ஒரு விரற்கடை அளவு குட்டையாக நின்றது. மூடியை மட்டும் புதிதாக வெட்டினேன். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய வாணியம்பாடித் தோல், தேங்காய் ஓட்டின் உள்நிறம். ஓரங்களை மெலிதாகச் சீவி, தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசி. குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டும் நுழைந்து வெளியேற வேண்டும். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். புருஷன் பெண்டாட்டி உறவுக்கு இதை உவமையாகச் சொல்லி நான் அரைப் பக்கம் எழுத முடியும். கல்யாணத்தன்று உனக்கு அந்த மாதிரி ஏழெட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

ஆனால் கையால் தைத்த தையல் லேசாகச் சாய்ந்து நிற்கும், நெல்மணிகளை வரிசையாக வைத்ததைப் போல. மெஷின் தையல் நேராக நிற்கும். கடைப் பை என்று சொல்ல வேண்டுமே. எனவே சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி அந்தச் சாய்வை நேராக்கினேன். நல்ல தையலைச் சுமாரான தையலாகக் காட்ட எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. உள்ளே 'லண்டன்' என்று ஆங்கில எழுத்தில் அச்சுக் குத்தலாமா என்றுகூட யோசித்தேன். வாணியம்பாடி மாடு கப்பல் ஏறியதாகச் சொல்வதற்கு மட்டும் கை வரவில்லை. கடைசியில் நம்பிக்கை வருவதற்காகக் கடைக்காரன் ஒருவனிடம் காலி அட்டைப் பெட்டி வாங்கி வந்தேன்.

"செருப்பு டப்பாவுலயா மருமகளுக்கு குடுப்பீங்க?" என்றாள் உன் அம்மா. "வேசம் போடறதுன்னா ஒழுங்கா போடுங்க."

பெட்டியைத் தூக்கிப் போட்டேன். அப்போது மூடியைத் திறந்து கடைசியாக ஒரு முறை பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூடிக்கு அடியில், வலது மூலையில், முக்கோணமாக மூன்று சின்னத் துளைகள். பட்டறையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாளம் உண்டு. சோதனையில் குறை தெரிந்தால் உருப்படியை யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று தெரிய வேண்டும் அல்லவா? என்னுடையது மூன்று துளை. வேலை முடிந்ததும் என்னைக் கேட்காமல் கை தானே குத்திவிட்டிருந்தது. தோலில் குத்தியது குத்தியதுதான், துணியைப் போலத் தடவினால் மூடிக்கொள்ளாது. மூடிக்கு அடியில் மூலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் அந்த அடையாளத்தோடு ஒரே ஒரு உருப்படி எனக்குத் திரும்பி வந்திருக்கிறது, ஒரு குதிரையின் வயிற்று வார். 'தையல் நெருக்கம் போதாது' என்று சீட்டு. நான் அளந்து பார்த்தேன், அங்குலத்துக்கு எட்டு. சோதிக்கும் குமாஸ்தா கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பார், அவர் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். அந்தச் சீட்டை மட்டும் என்னால் மறக்க முடிந்ததில்லை.

ஆனேக்கல்லில் நிச்சயத்தன்று நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீ அறிய வேண்டும். முதலில் பஞ்சசீலம் சொன்னார்கள். நான்காவதில் எனக்கு இருமல் வந்தது. விமலாவின் அத்தை தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்த கையோடு தட்டைப் பார்த்தார்.

"இன்னாது இது? பூவு பழம் வெக்கிற தட்டுல தோல வெச்சிக்கீறாங்க. நம்ப பக்கத்துல வெக்க மாட்டாங்களே."

நம் பக்கத்தில் இரண்டு தலைமுறைக்கு முன்னால் தோல் தொடாத கை எது என்று கேட்க எனக்கு ஆசை. குமாஸ்தா வேஷத்தில் இருந்ததால் கேட்க முடியவில்லை. உள்ளறையிலிருந்து விமலாவின் குரல் வந்தது: "வாசல்ல அடிக்கிறாங்களே மேளம், அது இன்னா அத்த, வெண்கலத்துலயா கட்டிகீது?" நாலு பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. விவகாரத்தை முடிக்க உன் மாமனார் பையைத் தட்டிலிருந்து கையில் எடுத்தார்.

பரிசுப் பொருளை யாரும் அப்படி எடுக்கமாட்டார்கள். முதலில் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கட்டை விரலைத் தையலின் மேல் ஓட்டினார். வாரை இழுத்துப் பார்த்தார். பிறகு மூடியைத் தூக்கி, வேறெங்கும் தேடாமல், நேராக வலது மூலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வாங்கினீங்க சம்பந்தி?"

"கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுல."

"எந்த கடை?"

ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவனுக்கு ஒரு கடையின் பெயர் வரவில்லை. "மூலை கடை" என்றேன்.

"எந்த மூலை?"

நீ பாயிலிருந்து எழுந்தாய். அந்த நொடியில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. விமலாவின் அறைக் கதவைப் பார்த்தேன். நீ வேண்டும் என்று கேட்ட ஒரே ஒன்று அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"கடையில வாங்கல மாமா" என்றாய். "எங்க நைனா தைச்சது."

பதினைந்து வருஷம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்டேன். இந்த முறை திரும்பிப் பார்த்தேன்.

"தரகரு பேனா புடிச்ச கைன்னாரு" என்றார் உன் மாமனார்.

"பேனாவும் புடிப்பாரு. தெருவுக்கே மனு எழுதறாரு. ஆனா எங்களுக்கு சோறு போட்டது ஊசி. எல்லாத்தையும் தெரிஞ்சிக்கினு சொல்லுங்க."

"கைய காட்டுங்க சம்பந்தி."

நீட்டினேன். பள்ளிப் பையன் பிரம்புக்கு நீட்டுவதைப் போலத்தான் நீட்டினேன். அவர் உள்ளங்கையைப் பார்க்கவில்லை, நூலை இழுத்து இழுத்துச் சுண்டு விரல்கள் இரண்டிலும் விழுந்திருக்கும் வெட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சேணம் வந்து எறங்கற ஜன்னல்ல பதினெட்டு வருசம் உக்காந்திருந்தேன்" என்றார். "மூணு துளை ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. ஒங்க வயித்து வாரு ஒண்ண நான் திருப்பி அனுப்பினேன். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அங்குலத்துக்கு எட்டு போட்டிருந்தேன்."

"எட்டுதான். அன்னிக்கி மேஜர் பக்கத்துல வந்து நின்னுட்டான். எதனா ஒண்ண திருப்பி அனுப்பலேன்னா நான் வேலையே செய்யலேன்னு நெனைப்பான். கைக்கு ஆப்டது ஒங்களுது."

உன் எதிர்காலம் முழுவதும் அந்தக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தகப்பன் அந்த நேரத்தில் அதைப் பற்றித்தான் நினைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த நிம்மதி அந்த வயிற்று வாரைப் பற்றியது. அத்தை மட்டும் விடவில்லை. "அப்போ இவரு கிளார்க்கு இல்லியா?" என்றார்.

"இந்த குடும்பத்துக்கு நான் ஒரு கிளார்க்கு இருந்தது போதும்" என்றார் உன் மாமனார். "ஆய்த்து, தாம்பூலத்த மாத்துங்க."

பிறகு விமலா வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டாள். தன் சாக்பீஸ் டப்பாவை அங்கேயே போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. என்னைப் பார்த்து, "தையல ஏன் மாமா சுத்தியால அடிச்சி கெடுத்திருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் கண் இருக்கிறது. நீ ஜாக்கிரதையாக இரு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னிடம் எப்போது தெரியும் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அஞ்சாவது படிக்க சொல்லவே தெரியும். எங்க வாத்தியாருக்கு பேனா புடிச்சி ஒரு கையிலதான் காய்ப்பு இருந்துச்சி. ஒங்களுக்கு ரெண்டு கையிலயும் தழும்பு. எந்த கிளார்க்கு நைனா ரெண்டு கையால எழுதறான்?"

"அப்போ ஏன்டா சொல்லல?"

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு நடிச்சீங்க. கெடுக்க மனசு வர்ல."

"அந்த பை?"

"கடையில வாங்கறதுன்னா நானே வாங்கியிருக்க மாட்டேனா? ஒங்களுக்கு எதுக்கு எழுதறேன்?"

உன் அம்மா முன் சீட்டில் தூங்குவதைப் போல உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிட்டியைக் கோட்டுக்குள் மறைக்காமல் கையிலேயே தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். கதவைத் திறந்து வைத்து வாசலுக்கு நேராக உட்கார்ந்து தைத்தேன். எதிர்வீட்டு முனிரத்தினம் சாக்கடை மனுவோடு வந்தார். நான் பீடிகை போட்டு, தொண்டையைச் செருமி, "ஒரு விஷயம் ஒங்ககிட்ட சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் கிட்டியைப் பார்த்தார். "தெரியும்ண்ணா" என்றார். "ஒங்க மேல வர்றது காகித வாசனையா இன்னா? தெருவுக்கே தெரியும். இந்த மனுவ மட்டும் கொஞ்சம் காரமா எழுதுங்க, போன தடவ ரொம்ப மரியாதையா எழுதிட்டீங்க." ஆக, என் ரகசியம் ரகசியமே இல்லை என்று தெரியாமல் இருந்தவன் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். அதற்கடுத்த பௌர்ணமிக்கு நான்காவது சீலத்தை முழுதாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு பழக்கதோஷத்தால் ஒரு இருமல் வந்தது, அவ்வளவுதான்.

புத்தி சொல்லாமல் முடித்தால் தகப்பன் கடிதம் ஆகாது, எனவே கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் ஷிமோகாப் பக்கம் மழை விடாது என்கிறார்கள். பை நனைந்தால் வெயிலில் காயப்போடாதே, நிழலில் ஆறவிட்டு விளக்கெண்ணெய் தொட்டுத் துடை. வாரின் பக்கிள் இருக்கும் இடம்தான் முதலில் தளரும். தளர்ந்தால் அங்கே யாரிடமும் கொடுக்காதே, எனக்கு அனுப்பு. தையலின் சாய்வை மறைத்த இடத்தை விமலா கண்டுபிடித்துவிட்டதால் அதையும் பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன். படிவங்களில் கட்டம் சின்னதாக இருக்கும். அதில் போடும் பொய் வீட்டளவு வளரும், வாடகைக்கு இன்னொரு வீடு பார்க்க வைக்கும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னை எந்தச் சொல்லால் கூப்பிட்டாலும் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்.

இனி அந்த நகல். நீ கேட்டு எழுதியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பதிவேட்டில் இருக்கும் குமாஸ்தாவைத் திருத்தச் சொல்லிப் பள்ளிக்கு ஒரு மனு எழுதினேன். இரண்டு பக்கம். பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் எழுதியதில் அதுதான் சிறந்த மனு. அதைப் படிக்கும் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வரும். கோட்டு போடாமல், பட்டறைச் சட்டையோடு, வேலை முடிந்ததும் நேராகப் போனேன். அதே ஆபீஸ், அதே பெஞ்சு. பெஞ்சின் காலை யாரோ சரி செய்திருந்தார்கள். எழுத்தர் மட்டும் வேறு ஆள், சின்ன வயசு. நீ படித்த வருஷத்தைச் சொன்னேன். அவர் ஒரு புதிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் பேசினார்.

"அந்த வருசத்து ரிஜிஸ்டர கரையான் தின்னுடிச்சிங்க. புதுசா எழுதிக்கினு வர்றோம். பேரு, தேதி எல்லாம் வேற நோட்டுல கெடச்சிடிச்சி. தகப்பனார் தொழில் மட்டும் எங்கியும் இல்ல. இன்னா தொழில்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

என் வாழ்நாளின் சிறந்த மனு சட்டைப் பையிலேயே இருந்தது. நான் காவல் காத்த அந்த ஒரு சொல்லைக் கரையான் எந்த வருஷம் தின்றதோ தெரியவில்லை. அதற்குப் பிறகும் எத்தனை நாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேனோ, அதுவும் தெரியவில்லை. சொன்னேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு, மை ஒற்றிவிட்டு, "அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை. இந்த முறை அவர் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. நான் வந்ததுமே உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

இப்படிக்கு,
நைனா